முன்பல்லுக்குப் பின்னால்

அந்த வீட்டு அடுப்பில் இரண்டு குக்கர்கள் இருந்தன. ஒன்றில் உருளைக்கிழங்கு வேகும், இன்னொன்றில் பல் வேகும்.

பல் செட் செய்கிறவர்களோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிளாஸ்டரில் வார்த்த அச்சுக்குள் பல்லை வரிசையாக நட்டு, இளஞ்சிவப்பு மாவை அடைத்து, பித்தளைச் சிமிழை இறுக்கி மூடி வேகவைத்தால்தான் அந்த மாவு ஈறாகும். பெரிய பட்டறைகளில் இதற்கென்று மெஷின் உண்டு. பல்லுக்காரரிடம் இருந்தது குக்கர். எத்தனை விசிலில் இறக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் செய்து கொடுப்பார். நன்றாக அமைந்தால் புகழ் டாக்டருக்கு, வலித்தால் புகார் இவருக்கு. இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்புக்கும் நெடுநாளாக மனக்குறை இல்லை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கு, தேய்க்கிற மோட்டார், ஊர்ப்பட்ட வாய்கள். அலமாரியில் வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருக்கும் அந்தப் பிளாஸ்டர் வாய்களில் எது யாருடையது என்று பல்லுக்காரர் பெற்ற அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ஊரில் யார் யார் சொந்தப் பல்லால் சிரிக்கிறார்கள் என்பது தெரிந்த ஒரே ஆள் அவர். தெரிந்தும் சும்மா இருந்தார். அதனால்தான் எல்லோரும் அவரை நம்பினார்கள், அவரைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சிமிழைத் திறந்தவர் திகைத்துப் போனார். ஈறு சரியாக இறுகவில்லை. நகத்தால் கீறினால் தடம் விழுந்தது. விசிலை ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தார். மறுபடி சிமிழை மூடி, குக்கரில் வைத்து, இம்முறை சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பாட்டில்களுக்கு மேலே சுவரில் அவளுடைய சார்ட் தொங்கியது. ஆங்கில ஒலிக்குறிகள் அத்தனையும் கட்டம் கட்டமாக. பார்த்தால் ஆங்கிலம் மாதிரி இருக்கும், கிட்டே போனால் ஆங்கிலத்துக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். ஈ என்ற எழுத்து தலைகீழாக நின்றது. என் என்ற எழுத்துக்கு வால் முளைத்திருந்தது. இரண்டு எழுத்துகள் ஒட்டிப் பிறந்திருந்தன. அவள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். குப்புற விழுந்தவன், வால்காரன், ரெட்டைப் பிள்ளை, பெல்ட் போட்ட முட்டை, குடைக்காம்பு. வகுப்பில் மாஸ்டர் குறியைத் தொட்டால் இவள் மனசுக்குள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வாயைத் திறப்பாள்.

மெல்லியதாக ஒரு விசில் கேட்டது. பல்லுக்காரர் விரலை மடக்கினார். இன்னொன்று. குக்கரைப் பார்த்தார். அதன் தலைமேல் குண்டு அசையவே இல்லை.

“ஏங்க, என்ன அடுப்பையே முறைச்சிட்டு நிக்கறீங்க?”

“இப்ப விசில் வந்துச்சா?”

“எந்தக் குக்கர்ல?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

“ஒண்ணுலயும் வரல. நான் பாடம் சொல்லிட்டிருந்தேன்.”

“என்ன பாடம்?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், மைக் முன்னால் நிற்பவள்போல் நிமிர்ந்தாள். “பாசஞ்சர்ஸ்,” என்றாள்.

சொல்லின் வாலில் ஊசி மாதிரி ஒரு விசில் எழுந்து நின்று அடங்கியது.

“இன்னொண்ணு சொல்லு.”

“சர்வீஸ். சீட்ஸ். எக்ஸ்பிரஸ்.”

ஒவ்வொன்றிலும் விசில். எக்ஸ்பிரஸில் இரண்டு. பல்லுக்காரர் மோட்டார்மேல் இருந்த விளக்கைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

“வாயத் திற.”

“எதுக்கு?”

“திறயேன்.”

“நான் உங்களக் கட்டிக்கிட்டவ. டாக்டர் அனுப்பின கேஸ் இல்ல.”

இருந்தாலும் திறந்தாள். சொந்தப் பல், குறை சொல்ல முடியாத வரிசை. முன்பல்லுக்குப் பின்னால் மேடு இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருந்தது. இந்த வாயில் விசில் வர வழியே இல்லை. இந்த விசில் எங்கே பிறக்கும் என்பது அவருக்குத் தெரியும். மேல் செட்டில் முன்பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனி போய்ச் சேரும் இடத்தில் ஒரு சின்னக் குடைவு விழுந்துவிட்டால் காற்று அதற்குள் புகுந்து புல்லாங்குழல் வாசிக்கும். அப்படிக் குடைவு விழுந்த ஒரு செட்டை அவர் சமீபத்தில் செய்திருந்தார்.

“இத எங்க கத்துக்கிட்ட?” குரல் இறங்கிவிட்டது.

“எங்க கத்துப்பாங்க? மாஸ்டர்கிட்டதான். அந்தக் கிளாஸ்லயே இதுதாங்க கஷ்டம். குறியப் பாருங்க, பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கில்ல? சீறணும்ங்கறார். எனக்கு வர்றதுக்கே ஒரு மாசம் ஆச்சு. மருந்துக்கடைப் பொண்ணுக்கு இன்னும் வரல. நேத்து அழுதிருச்சு பாவம்.”

“வராத வரைக்கும் அது பொழச்சுது.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. அந்த எஸ் தப்பும்மா. அத விட்ரு.”

அவள் இடுப்பில் கைவைத்தாள். “யாரு சொல்றா? இங்கிலீஷ்ல கையெழுத்துக்கூட யோசிச்சுப் போடற ஆளு.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. விசில் தெரியும்.”

“நீங்க பல்லப் பாருங்க. நாக்க நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை எனக்கு மைக் டெஸ்ட்டு. இப்ப வந்து தப்புங்கறீங்க. என்ன தப்பு, எப்படித் தப்பு? காரணத்தச் சொல்லுங்க.”

காரணம் அவர் தொண்டை வரை வந்தது. அலமாரியில் இருந்த வெள்ளை வாய்கள் எல்லாம் அவரையே பார்த்தன. “காரணம் சொல்ல முடியாது,” என்றார்.

“நல்லா இருக்கு,” என்று அவள் வெங்காயத்தின் பக்கம் திரும்பினாள். அதன்பிறகு வெங்காயம் பட்ட பாட்டைக் கேட்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அவளுக்கு அந்தத் திங்கட்கிழமை சாதாரண நாள் இல்லை. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் குனிந்து பேசுகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே ஜனங்கள் தங்கள் தாமதத்தையும் கோபத்தையும் காலைச் சாப்பாட்டின் வாசனையையும் அனுப்புவார்கள். “எந்தப் பிளாட்பாரம்?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஓடிவிடுவார்கள். மாடியில் அறிவிப்பு அறை. அங்கே ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு மின்விசிறி. அங்கிருந்து சொன்னால் ஊரே நின்று கேட்கும். அந்த நாற்காலியில் இருந்த அம்மாள் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். “உன் குரல் கணீர்னு இருக்கும்மா,” என்று நிலைய அதிகாரி சொல்லியிருந்தார். “இங்கிலீஷ மட்டும் சரிபண்ணிட்டு வா. திங்கக்கிழமை நேரா மைக்ல வாசிச்சுக் காட்டு. சரியா வரலேன்னா தலைமை ஆபீஸ்லேர்ந்து மெஷின் அனுப்பறேன்னு சொல்றாங்க. மெஷின் வந்தா அப்புறம் போகாது.”

அதற்காகத்தான் மெத்தைக்கடை மாடியில் இருந்த உச்சரிப்பு வகுப்பில் சேர்ந்தாள்.

அந்த மாஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் கதை நகராது. அவருக்கென்றால் இரண்டு வார்த்தை போதாது, அதனால்தான் வாசலில் அவ்வளவு பெரிய போர்டு வைத்திருந்தார். “ஒலிக்குறி வழி உலக உச்சரிப்பு உயர்பீடம்” என்று மூன்று வரியில் எழுதி, கீழே தன் படத்தை மாட்டியிருந்தார். உலகத்தை அவர் பார்த்ததில்லை, உலகத்துக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்கிற தோரணை இருக்கும். பழைய கார் ஏரியலைக் கையில் வைத்துக்கொண்டு, நீட்டி மடக்கி, சார்ட்டைத் தொட்டுக் காட்டுவார். “நாக்கு தசை இல்லம்மா, பொறுப்பு,” என்பார். எழுத்தைப் பார்த்து வாசிப்பவன் ஏமாளி, குறியைப் பார்த்து வாசிப்பவனே மனிதன் என்பது அவர் கட்சி. இதையும் சொல்லிவிட வேண்டும், மனிதருக்குப் பாடம் தெரியும். எந்தக் குறிக்கு நாக்கு எங்கே போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்பாமலே சொல்வதுதான் தொந்தரவு.

அவர் ஒருநாள் பல்லுக்காரர் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். டாக்டரிடம் போனால் காத்திருக்கும் ஹாலில் மாணவர்கள் பார்த்துவிடுவார்களாம். பல் இல்லாத உச்சரிப்பு ஆசிரியரிடம் எவன் படிப்பான் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் பல்லை எப்படி வைக்க வேண்டும் என்பதிலும் அவர் நியாயம் பேசினார். இயற்கையாக லேசாக வளைந்த வரிசை வேண்டாம், ஸ்கேல் வைத்த மாதிரி இருக்க வேண்டும். அண்ணத்துப் பக்கம் தகடு காகிதமாக இருக்க வேண்டும், “என் நாக்குக்கு மைதானம் வேணும்” என்றார். பல்லுக்காரர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கேட்காத ஆளிடம் எவ்வளவு நேரம் சொல்வது என்று அவர் சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டார். “ஒரு வாரம் போட்டுட்டு வாங்க சார், சரிபாத்துத் தேய்ச்சுத் தரேன்,” என்றும் சொன்னார். அவர் திரும்பி வரவே இல்லை. விஷயம் அத்தோடு முடிந்தது என்று பல்லுக்காரர் நினைத்தார். அது மாடியேறிப் பாடமாகிவிட்டது.

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் ரொட்டியும் உருளைக்கிழங்கு சூப்பும் இருந்தன, பேச்சு மட்டும் இல்லை.

“என்னடா, ரெண்டு பேரும் ஆபீஸ் மாதிரி சாப்பிடறீங்க?” என்றார் மாமனார். ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் முதன்முதலாகச் செய்த பல் செட் அவருடையதுதான். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பாங்க், கல்யாணம், போட்டோ, இந்த மூன்றுக்கு மட்டும் மாட்டிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் வெறும் வாய்தான். வெறும் வாயிலேயே கடலையும் தின்பார், அரசாங்கத்தையும் திட்டுவார்.

“உங்க பிள்ளையக் கேளுங்க மாமா. என் எஸ் தப்பாம். ஏன்னு சொல்ல மாட்டாராம்.”

“எங்க, சொல்லு பாப்போம்.”

“சீட்ஸ்.”

மாமனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். “டேய், நீ முதல்ல செஞ்சு குடுத்தப்ப எனக்கும் இப்படித்தானே வந்துச்சு? மூக்கு சிந்தினாக்கூட விசிலடிக்கும். அப்புறம் நீ உள்ள ஏதோ மெழுகு வெச்சு…”

“அப்பா, சூப் ஆறுது.”

“ஆறட்டும்டா. நான் என்ன சொல்ல வரேன்னா…”

“ஆறுதுப்பா!”

மாமனார் மகன் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு சூப்பைக் குடித்தார். அவரும் ஒரு தொழில் செய்தவர். சொல்லக் கூடாதது ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. எது என்று தெரியாததுதான் அவருக்குச் சங்கடம்.

சனிக்கிழமை காலை பல்லுக்காரர் மெத்தைக்கடை மாடிக்குப் போனார். மாடிப்படியில் மூன்று தெருநாய்கள் காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. “தினம் இந்த நேரத்துக்கு வந்துருதுங்க,” என்றார் மெத்தைக்கடைக்காரர். “மேல ஆரம்பிச்சாங்கன்னா இதுங்களுக்கு யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும்போல. கஸ்டமருங்க பயப்படறாங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்.”

மேலே ஒரு வகுப்பே சேர்ந்து சீறிக்கொண்டிருந்தது. தையல்காரர், மருந்துக்கடைப் பெண், ஓட்டல் வரவேற்பில் நிற்க ஆசைப்பட்ட இரண்டு பேர், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பாடுபட்டார்கள். பல்லுக்காரருக்குத் தன் கைவேலை இத்தனை வாயில் ஒரே நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமைப்படுவதற்கு இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கும் வரை காத்திருந்தார். மாஸ்டர் ஏரியலை மடக்கினார்.

“யாரு? டெக்னீஷியனா? சேரணுமா?”

“சார், அந்த மேல் செட்…”

“எந்த மேல்? எந்த செட்?”

“சார், நான்தான் செஞ்சேன்.”

“என்ன செஞ்சீங்க?”

“உங்க பல்லு சார்.”

மாஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மெதுவாப் பேசுங்க. கீழ மெத்தைக்கடை. சத்தத்த உறிஞ்சும், ஆனா அவன் வெளிய சொல்லிருவான்.”

“சார், உள்பக்கம் குடைவு விழுந்திருக்கு. அதனால விசில் வருது. பத்து நிமிஷ வேலை. நீங்க வரவே இல்ல.”

“விசிலா? அதுக்குப் பேரு கூர்மை.”

“நாய் வருது சார்.”

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“என் வீட்டம்மா உங்ககிட்டதான் படிக்கறா. திங்கக்கிழமை மைக் முன்னால நிக்கப் போறா. மைக்ல இந்த விசில் போச்சுன்னா பிளாட்பாரத்துல இருக்கற அத்தன பேரும் காதப் பொத்திக்குவாங்க. மெஷின் போதும்னு ஆபீசர் சொல்லிருவார். உங்க பேரச் சொல்லி நான் அவகிட்ட விளக்கியிருக்கலாம். சொல்லல. சொல்லவும் மாட்டேன். அதனால நீங்கதான் வரணும்.”

“அந்த ஜன்னல் அம்மாவா?” மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “என் பேட்ச்லயே நல்லாப் படிக்கற பொண்ணாச்சே.” ஏரியலை ஒருமுறை நீட்டி மடக்கிவிட்டு, “நாளைக்கு மத்தியானம் வரேன்,” என்றார். “பின்வாசல். வீட்ல யாரும் இருக்கக் கூடாது. அந்தம்மா இருக்கவே கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் தெருவை மூடிவிட்டது. மனைவியைத் துணி எடுக்கக் கடைத்தெருவுக்கு அனுப்பினார் பல்லுக்காரர். டெஸ்டுக்குப் புதுசாக ஒன்று கட்டிக்கொண்டு போகட்டும் என்றார். மூன்று நாளாகப் பேசாதவர் துணி வாங்கித் தருகிறேன் என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது, ஆனாலும் துணி துணிதானே என்று போனாள். அப்பாவை வாசல் நாற்காலியில் உட்கார வைத்து, “யாரு வந்தாலும் உள்ள விடாதீங்க. யாரு இருக்காங்கன்னும் சொல்லாதீங்க,” என்று மகன் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கடைத்தெரு வரை போனாள், பையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினாள்.

மாமனார் எழுந்து இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்தார். “உள்ள போகாதம்மா.”

“ஏன் மாமா?”

“உள்ள யாரும் இல்ல.”

“யாரும் இல்லாத வீட்டுக்கு எதுக்குக் காவல்?”

“மாஸ்டர்லாம் வரலம்மா,” என்றார் மாமனார் உறுதியாக. ரகசியம் காப்பதில் அவருக்கு அனுபவம் போதாது.

அவள் உள்ளே போனாள்.

முன்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கணவர் கையில் ஒரு பல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் உலக உச்சரிப்பு உயர்பீடம் உட்கார்ந்திருந்தது. கன்னம் உள்ளே விழுந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தது.

மோட்டார் சும்மா சுற்றியது. கணவர் அதை அணைத்தார்.

“நான் சொல்லல,” என்றார் மாஸ்டரிடம்.

அவள் மேஜைக்கு வந்தாள். செட்டைப் பார்த்தாள். உள்பக்கம் கணவர் பென்சிலால் வட்டம் போட்டிருந்த குடைவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

“இது நீங்க செஞ்சதா?”

“ஆமா.”

“அப்ப என் வாயில இருக்கற விசிலு?”

“அதுவும்… ஒரு வகையில நான் செஞ்சதுதான்.”

“ஒரு மாசம்! ஒரு மாசம் கண்ணாடி முன்னால நின்னு நாக்கு வீங்கிப் போச்சு எனக்கு! குக்கர் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேன். கடைசில பல்லோட ரிப்பேரையா படிச்சிருக்கேன்? ஊர்ல பாதிப் பேர விசிலடிக்க வெச்சிட்டு, காரணம் சொல்ல முடியாதாம்ல!”

“எப்படிம்மா சொல்றது? ஒருத்தர் வாய இன்னொருத்தர்கிட்ட சொன்னா, அப்புறம் எங்கிட்ட யாரு வாயத் திறப்பாங்க?”

மாஸ்டர் கைக்குட்டைக்குள்ளிருந்து என்னவோ சொன்னார். அதில் உயிரெழுத்துகள் மட்டும் வெளியே வந்தன. மெய்யெழுத்துகள் எல்லாம் வழியிலேயே வழுக்கி விழுந்துவிட்டன.

வாசலில் நின்ற மாமனார், “அவர் என்ன சொல்றார்னா,” என்று உள்ளே வந்தார், “தப்பு உன் புருஷன் மேல இல்லியாம். மெல்லிசா வேணும்னு அவர்தான் கேட்டாராம்.”

“உங்களுக்கு எப்படி மாமா புரியுது?”

“இது என் பாஷைம்மா,” என்றார் மாமனார். இத்தனை நாளில் அந்த வீட்டில் ஒரு மொழியில் அவர்தான் புலவர் என்பது அன்றைக்குத்தான் வெளியானது.

மாஸ்டர் இன்னும் கொஞ்சம் சொன்னார். மாமனார் கவனமாகக் கேட்டுக்கொண்டார். “முதல் நாளே அவருக்கும் தெரிஞ்சுதாம், விசில் வருதுன்னு. வகுப்புல யாரோ, ‘சார், உங்க எஸ்ஸு அப்படியே வெளிநாட்டுக்காரர் மாதிரி இருக்கு’ன்னு சொல்லிட்டாங்களாம். ரொம்ப வருஷமா அவர யாருமே பாராட்டலியாம். பாராட்டினப்புறம் எப்படி நிறுத்தறதுங்கறார்.”

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து மாஸ்டருக்குக் கொடுத்தாள்.

பல்லுக்காரர் மெழுகைச் சூடாக்கி, குடைவில் ஒரு கடுகளவு வைத்து, கத்தி முனையால் வழித்து, “போட்டுப் பாருங்க சார்,” என்றார். “மெழுகுல சரியா வந்தா, அதே மாதிரி ஈறு மாவால அடைச்சிரலாம். வழக்கமா ஆளுங்கள எண்ணச் சொல்லிக் கேப்பேன். உங்களுக்கு அது போதாது. இங்கிலீஷ்ல வேணும். எனக்கு எது சரின்னு தெரியாதே.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் சமையலறைக்குப் போய் எண்ணெய் பிசுக்கேறிய சார்ட்டைக் கழற்றி எடுத்து வந்து அலமாரியில், வெள்ளை வாய்களுக்கு நடுவே மாட்டினாள். கையில் மெழுகு வழிக்கும் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டாள். பாம்புக் குறியைத் தொட்டாள்.

“சொல்லுங்க சார். சீட்.”

மாஸ்டர் பல்லை மாட்டி, உதட்டைச் சரிசெய்து, “சீட்,” என்றார்.

“இருக்கு. லேசா.”

கழற்றினார்கள். இன்னும் கொஞ்சம் மெழுகு.

“சர்வீஸ்.”

“சர்வீஸ்.”

“இப்ப சேறு மிதிச்ச மாதிரி இருக்கு. ஜாஸ்தியாயிருச்சு.”

வழித்தார்கள். குடைக்காம்புக் குறியையும் பெல்ட் போட்ட முட்டையையும் நடுநடுவே கலந்து கேட்டாள், ஒன்று சரியானால் இன்னொன்று கெடுகிறதா என்று பார்க்க. முதல் வகுப்பில் தன்னைப் படுத்திய படியே மாஸ்டரைப் படுத்தினாள். “நாக்கு பொறுப்பு சார்,” என்றும் ஒருமுறை சொன்னாள். மாஸ்டர் அதைப் பெரிய மனசோடு தாங்கிக்கொண்டார்.

கடைசியில், “பாசஞ்சர்ஸ்,” என்றார். வார்த்தை வெறும் காற்றாக வந்து, வெறும் காற்றாக முடிந்தது. அவரே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை.

“இதுதாம்மா,” என்றார். குரலில் போர்டு இல்லை. “எனக்குச் சொந்தப் பல்லு இருந்தப்ப இப்படித்தான் வரும். மறந்தே போச்சு.”

பல்லுக்காரர் வேகவைக்காமலே இறுகும் ரிப்பேர் மாவைக் கலந்தார். அந்த மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. அது இறுகும்வரை மாஸ்டர் பல் இல்லாமல் இருந்தார். தேய்த்து மெருகேற்றிக் கொடுத்ததும் மாட்டிக்கொண்டு, ஸ்டூலை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

“இப்ப நீ சொல்லு.”

அவள் சொன்னாள். விசிலடித்தது. அவள் முகம் தொங்கிப்போனது.

“பயப்படாத. உன் வாயில குடைவு இல்ல. நாக்க நீயா மடிச்சுக் குழாய் ஆக்கற. அத விடு. சிரிக்கற மாதிரி உதட்ட இழுக்காத. பல்லு சும்மா சேர்ந்திருக்கட்டும். ஊதாத, காத்து தானாப் போகும். குழந்தையத் தூங்க வெக்கறப்ப சத்தம் போடாதன்னு சொல்வோமே, அவ்வளவு மெதுவா ஆரம்பி.”

பாடம் தெரிந்த மனிதர் என்று முன்பே சொன்னேன். பெருமை கழன்றிருந்த அந்தச் சாயங்காலத்தில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. அவள் தப்பாகச் சொன்னாள், திருத்தினார். மறுபடி தப்பாகச் சொன்னாள், மறுபடி திருத்தினார். ஜன்னலைத் திறந்து விட்டார்கள். மாமனார் முட்டை அவித்துக்கொண்டு வந்தார், அதுவும் சரியான குக்கரிலிருந்து. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுடைய சீட்டும் சர்வீஸும் சுத்தமாகிவிட்டன. எக்ஸ்பிரஸ் மட்டும் அவ்வப்போது பழைய ஞாபகத்தில் சிணுங்கியது.

“சார், மத்தவங்களுக்கு?” என்று கேட்டாள். “மருந்துக்கடைப் பொண்ணு அழுதிட்டிருக்கு.”

மாஸ்டர் நிமிர்ந்தார். பல் உறுதியாக நின்றது, கூடவே தோரணையும் திரும்பி வந்தது. “நாளைக்கு அறிவிச்சிடறேன். அந்தக் குறிக்குப் புதுசா ஒரு திருத்தம் வந்திருக்கு, இனிமே யாரும் சீற வேண்டாம்னு.”

“எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா?”

“மேலேர்ந்து வந்துச்சும்பேன்.”

“அது உண்மைதான்,” என்றார் மாமனார், மேல் செட்டைப் பார்த்து.

பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மாஸ்டர் தயங்கினார். “அம்மா, வெளிய…”

“என்ன சொல்லப் போறேன் சார்? மாஸ்டர் வீடு தேடி வந்து எனக்காக ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தார்னு சொல்லுவேன். அதுதானே நடந்துச்சு.”

அவர் போனபிறகு அவள் கணவரைப் பார்த்தாள். “எனக்குத் துணி இன்னும் வாங்கல.”

“பழசே உனக்கு நல்லாத்தான் இருக்கு.”

“அது எனக்குத் தெரியும். உங்களுக்கு அபராதம் இருக்கில்ல?”

திங்கட்கிழமை அவள் பழைய துணியிலேயே போனாள், அபராதத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு. பல்லுக்காரரும் அப்பாவும் பிளாட்பாரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மூட்டைகளின்மேல் ஆட்கள் தூங்கினார்கள், ஒரு குடும்பம் ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரியின் வழுக்கையும், ஓய்வு பெறப்போகிற அம்மாளின் வெள்ளைத் தலையும், நடுவில் அவளுடைய தோளும் தெரிந்தன.

ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் தமிழில் சொன்னாள். அதில் பயமில்லை. பிறகு ஆங்கிலம். எடுத்த எடுப்பில், எக்ஸ்பிரஸில், ஒரு சின்ன விசில் எட்டிப் பார்த்தது. பல்லுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். மைக்கில் அவள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், அவசரமில்லாமல், குழந்தையைத் தூங்க வைக்கிறவளைப்போல். பாசஞ்சர்ஸ் வந்தது, போனது. சீட்ஸ் வந்தது. சர்வீஸ் வந்தது. ஒவ்வொன்றும் துணியால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூட்டைமேல் தூங்கியவர் எழுந்து உட்கார்ந்து, தன் வண்டிதான் என்று தெரிந்துகொண்டு, மூட்டையைத் தூக்கினார்.

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தலை அம்மாள் எழுந்து நின்றார். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள்.

பல்லுக்காரர் அப்பாவிடம் சொல்லத் திரும்பினார். அப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, செட்டை ஊதி, மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்குப்பா இப்ப? போட்டோவா எடுக்கறாங்க?”

“சும்மா இருடா,” என்றார் அவர், தாடையை ஒருமுறை அசைத்துச் சரிசெய்துகொண்டு. “மருமக மைக்ல பேசறா. வெறும் வாயோடவா நின்னு கேக்கறது?”